வயதான ஜப்பான், இளமையான அமெரிக்காவை முந்தியது எப்படி? 60 ஆண்டு வேலைக் கணக்கு சொல்லும் கதை

உலகிலேயே முதியவர்கள் அதிகம் வாழும் நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கே 100 பேரில் 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை சுமார் 18.

அப்படின்னா, வேலை பார்ப்பவர்களும் வேலை தேடுபவர்களும் எந்த நாட்டில் அதிகமா இருப்பாங்க? அமெரிக்காவில்தானே என்று தோன்றும். ஆனால் 2023ஆம் ஆண்டுக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஜப்பானில் 62.9 சதவீதம். அமெரிக்காவில் 62.6 சதவீதம்.

வித்தியாசம் சின்னதுதான். ஆனால் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா கிட்டத்தட்ட 5 சதவீதப் புள்ளிகள் முன்னால் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜப்பான் மேலும் முதுமை அடைந்தது. ஆனாலும் முந்தியது. இது எப்படி நடந்தது? இந்த எண்ணை நம்பி ஒரு நாட்டைப் பாராட்டலாமா? விரிவாகப் பார்ப்போம்.

தொழிலாளர் பங்கேற்பு விகிதம் என்றால் என்ன?

ஒரு ஊரில் வேலை பார்க்கும் வயதில் 100 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 57 பேர் வேலை பார்க்கிறார்கள். 3 பேர் வேலை இல்லாமல், ஆனால் மும்முரமாகத் தேடிக்கொண்டு இருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பையும் சேர்த்தால் 60 பேர். அந்த ஊரின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 60 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு.

மீதி 40 பேர் யார்? படிக்கும் மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், உடல்நிலை காரணமாக வேலைக்குப் போக முடியாதவர்கள், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவர்கள், தேடித் தேடி அலுத்துப்போய் விட்டுவிட்டவர்கள். இவர்கள் எல்லாரும் கணக்குக்கு வெளியே.

காலை 5 மணிக்கு எழுந்து இரவு 11 மணி வரை சமையல், துணி, குழந்தை, மாமியார் மருந்து என்று ஓடும் ஒரு பெண்ணும் இந்தக் கணக்கில் 'வேலைச் சந்தையில் இல்லாதவர்'தான். சம்பளமோ லாபமோ வரும் வேலையைத்தான் இந்த விகிதம் பார்க்கிறது.

வேலையின்மை விகிதம் மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. அதே ஊரை எடுத்துக்கொள்வோம். 60 பேரில் 3 பேருக்கு வேலை இல்லை. அதாவது வேலையின்மை விகிதம் 5 சதவீதம். அந்த 3 பேரும் 'இனி கிடைக்காது' என்று தேடுவதையே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? வேலையின்மை விகிதம் பூஜ்ஜியம் ஆகிவிடும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒருத்தருக்கும் புதுசா வேலை கிடைக்கலையே!

பங்கேற்பு விகிதத்தைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அது 60-ல் இருந்து 57 ஆக இறங்கியிருக்கும். அதனால்தான் பொருளாதார நிபுணர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

60 ஆண்டுகள், 5 புள்ளிகள்

இரண்டு நாடுகளின் பயணத்தையும் ஐந்து ஆண்டுகளில் நிறுத்திப் பார்க்கலாம்.

- 1960: ஜப்பான் 69.2 சதவீதம், அமெரிக்கா 59.4 சதவீதம்
- 1980: ஜப்பான் 63.3 சதவீதம், அமெரிக்கா 63.8 சதவீதம்
- 2000: ஜப்பான் 62.4 சதவீதம், அமெரிக்கா 67.1 சதவீதம்
- 2012: ஜப்பான் 59.1 சதவீதம், அமெரிக்கா 63.7 சதவீதம்
- 2023: ஜப்பான் 62.9 சதவீதம், அமெரிக்கா 62.6 சதவீதம்

முதலில் ஜப்பான் 10 புள்ளி முன்னால். 1980 வாக்கில் இரண்டும் சமம். 2000-ல் அமெரிக்கா முன்னால். பிறகு மறுபடியும் ஜப்பான். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் இருக்கும் முக்கியமான காரணம் ஒன்றுதான்: பெண்கள் எப்போது சம்பள வேலைக்கு வந்தார்கள், எப்போது வெளியேறினார்கள், ஏன் என்பதே அது.

ஒப்பிடும் முன் ஒரு எச்சரிக்கை

இரண்டு நாடுகளும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. ஜப்பான் 15 வயது முதல் கணக்கெடுக்கிறது. அமெரிக்கா 16 வயது முதல். 15 வயதில் கிட்டத்தட்ட எல்லாரும் பள்ளியில் இருப்பார்கள் என்பதால், ஜப்பானின் விகிதம் இதனால் சற்றுக் குறைவாகவே தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குடும்பக் கடையிலோ வயலிலோ சம்பளம் வாங்காமல் உதவுபவர்களை ஜப்பான், வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் குறைந்தது 15 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். இது ஜப்பானின் எண்ணைச் சற்று உயர்த்தும்.

இதைவிடப் பெரிய விஷயம் வயது. 75 வயது தாத்தாவையும் 35 வயது இளைஞரையும் ஒரே கூட்டத்தில் போட்டு சதவீதம் எடுத்தால், முதியவர்கள் கூடக் கூட எண் தானாகவே இறங்கும். அதனால் நிபுணர்கள் 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களைத் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். படிப்பு முடிந்து, ஓய்வுக்கு இன்னும் நாள் இருக்கும் வயது இது. இந்த வயதில் ஒருவர் வேலைச் சந்தைக்கு வெளியே இருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

1960-ல் ஜப்பான் ஏன் அவ்வளவு உயரத்தில் இருந்தது?

அப்போது ஜப்பானில் விவசாயக் குடும்பங்கள் ஏராளம். நாற்று நட, அறுவடை செய்ய, குடும்பக் கடையைக் கவனிக்க என்று பெண்களும் சேர்ந்தே உழைத்தார்கள். 1960-ல் ஜப்பானியப் பெண்களின் பங்கேற்பு 54.5 சதவீதம். அதே காலத்தில் அமெரிக்கப் பெண்களின் பங்கேற்பு 40 சதவீதத்துக்கும் குறைவு.

பிறகு ஜப்பான் வேகமாக வளர்ந்தது. கிராமத்தில் இருந்தவர்கள் டோக்கியோ, ஒசாகா என்று நகரங்களுக்குப் போனார்கள். கணவர் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் வாழ்நாள் முழுக்க வேலை உறுதி. பதிலுக்கு இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டும். வீட்டுப் பொறுப்பு மொத்தமும் மனைவி தலையில். நாடு பணக்கார நாடானது. பெண்களின் பங்கேற்போ 1975-ல் 45.7 சதவீதமாக இறங்கியது.

இது ஜப்பானுக்கு மட்டும் நடந்தது அல்ல. விவசாயத்தில் இருந்து தொழிற்சாலைக்கு மாறும்போது பெண்களின் பங்கேற்பு குறைந்து, கல்வியும் அலுவலக வேலைகளும் பெருகும்போது மறுபடியும் ஏறும். ஆங்கில எழுத்தான 'யு' வடிவத்தில் இருக்கும் இந்தப் பாதையை அமெரிக்காவின் 200 ஆண்டு வரலாற்றில் இருந்து விளக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளாடியா கோல்டின். 2023ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

'எம்' வளைவு என்றால் என்ன?

ஜப்பானில் பெண்களின் பங்கேற்பை வயது வாரியாக வரைந்தால் நீண்ட காலம் ஆங்கில எழுத்தான 'எம்' போலவே இருந்தது. படிப்பு முடிந்ததும் வேலைக்கு வருவார்கள். கோடு ஏறும். கல்யாணம், குழந்தை என்றதும் வேலையை விடுவார்கள். கோடு பள்ளத்தில் விழும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு திரும்ப வருவார்கள். கோடு மறுபடியும் ஏறும். ஆனால் முன்பு பார்த்த வேலை கிடைக்காது. பெரும்பாலும் கடையிலோ ஹோட்டலிலோ பகுதிநேர வேலைதான்.

1975-ல் 25 முதல் 29 வயதுள்ள ஜப்பானியப் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர்தான் வேலைச் சந்தையில் இருந்தார்கள். இன்று அதே வயதில் 80 சதவீதத்துக்கும் மேல். 'எம்' எழுத்தின் நடுப்பள்ளம் கிட்டத்தட்ட மூடிவிட்டது.

அமெரிக்கா எப்படி மேலே போனது?

1948-ல் அமெரிக்கப் பெண்களில் 32.7 சதவீதம் பேர்தான் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 1999-ல் அது 60 சதவீதம். 50 ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

காரணங்கள் பல. அலுவலக வேலைகள் பெருகின. பெண்கள் அதிகம் படித்தார்கள். கருத்தடை மாத்திரை வந்தது. எப்போது குழந்தை பெறுவது என்று திட்டமிட முடிந்தது. வேலையில் ஆண், பெண் பாகுபாடு காட்டுவதை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. கர்ப்பம் தரித்ததற்காக வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1978-ல் இன்னொரு சட்டம் வந்தது.

இதனால் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் மொத்தப் பங்கேற்பு விகிதம் 67.3 சதவீதத்தைத் தொட்டது. அந்த உயரத்தை அது இன்று வரை மறுபடியும் எட்டவில்லை.

2000-க்குப் பிறகு அமெரிக்காவில் என்னாச்சு?

மூன்று விஷயங்கள் ஒன்றாக நடந்தன.

முதலாவது, வயது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் குழந்தைகள் மிக அதிகமாகப் பிறந்தார்கள். அந்தத் தலைமுறையின் மூத்தவர்கள் 2011-ல் 65 வயதைத் தொட்டார்கள். ஓய்வு பெறுபவர்கள் கூடினார்கள். 2007-க்குப் பிறகு வந்த வீழ்ச்சியில் சுமார் பாதி இதனால்தான் என்று வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர்கள் குழு 2014-ல் கணக்கிட்டது.

இரண்டாவது, ஆண்கள். 1950களின் நடுவில் 25 முதல் 54 வயது அமெரிக்க ஆண்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் வேலைச் சந்தையில் இருந்தார்கள். இப்போது சுமார் 89 பேர். ஜப்பானில் இதே வயது ஆண்களில் சுமார் 95 பேர் இருக்கிறார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டதும், பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு நல்ல சம்பளம் தரும் வேலைகள் சுருங்கியதும் ஒரு காரணம். சிறை சென்று திரும்பியவர்களுக்கு வேலை கிடைப்பது கடினம் என்பது இன்னொன்று. உடல்நலமும் முக்கியக் காரணம். வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கும் இந்த வயது ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தினமும் வலி மாத்திரை எடுப்பதாக, பிரின்ஸ்டன் பொருளாதார நிபுணர் ஆலன் க்ரூகர் 2017-ல் சுட்டிக்காட்டினார்.

மூன்றாவது, குழந்தை. இதுதான் பெண்களின் ஏற்றத்தை நிறுத்தியது.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

வளர்ந்த நாடுகளில், நாடு முழுவதற்கும் பொதுவான சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்புச் சட்டம் இல்லாத நாடு அமெரிக்காதான். 1993-ல் வந்த சட்டம் 12 வார விடுப்பு தருகிறது. ஆனால் சம்பளம் கிடையாது. அதுவும் 50 பேருக்குக் குறைவாக உள்ள தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொருந்தாது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனியாகத் திட்டம் வைத்திருக்கின்றன.

குழந்தைகள் காப்பகங்களை நாடு முழுக்க அரசு ஆதரவில் அமைக்கும் மசோதா 1971-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அன்றைய அதிபர் ரிச்சர்ட் நிக்சன் அதை ரத்து அதிகாரம் மூலம் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அந்த அளவுக்குப் பெரிய திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. காப்பகக் கட்டணத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் சொந்தக் காசில்தான் கட்டுகின்றன. தாயின் சம்பளத்தில் பெரும் பகுதி அதற்கே போய்விட்டால், பலர் வீட்டில் இருப்பதே மேல் என்று முடிவெடுக்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஃப்ரான்சின் பிளாவ், லாரன்ஸ் கான் இருவரும் 22 வளர்ந்த நாடுகளை ஒப்பிட்டு 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெண்களின் பங்கேற்பில் 1990-ல் 6ஆம் இடத்தில் இருந்த அமெரிக்கா, 2010-ல் 17ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. மற்ற நாடுகள் விடுப்பு, காப்பகம், பகுதிநேர வேலை உரிமை என்று திட்டங்களை விரிவாக்கியதே இந்தப் பின்னடைவில் கால் பங்குக்கும் மேல் காரணம் என்று அவர்கள் கண்டார்கள்.

ஜப்பான் ஏன் மாறியது?

ஜப்பானுக்கு வேறு வழியில்லை. 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கை 1995-ல் சுமார் 8.7 கோடியாக உச்சத்தைத் தொட்டது. 2023-ல் அது சுமார் 7.4 கோடி. கடைக்கு ஆள் இல்லை, தொழிற்சாலைக்கு ஆள் இல்லை, முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பெரிய அளவில் வரவழைக்க ஜப்பான் நீண்ட காலம் தயங்கியது. அப்படின்னா மிச்சம் இருப்பது யார்? வீட்டில் இருக்கும் படித்த பெண்கள்தான்.

இதை முன்கூட்டியே சொன்னவர் கேத்தி மாட்சுய். கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் டோக்கியோ அலுவலகத்தில் இருந்த அவர், பெண்களை வேலைக்குக் கொண்டுவந்தால்தான் ஜப்பான் பொருளாதாரம் எழும் என்று 1999-ல் அறிக்கை எழுதினார். 'வுமனாமிக்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார். 2012 டிசம்பரில் பிரதமரான ஷின்சோ அபே அந்தப் பெயரையே தன் அரசின் கொள்கைப் பெயர் ஆக்கிக்கொண்டார்.

அதற்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது. சம வேலைவாய்ப்புச் சட்டம் 1985-ல் நிறைவேறியது. குழந்தை வளர்ப்பு விடுப்புச் சட்டம் 1991-ல் வந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை தாயோ தந்தையோ விடுப்பு எடுக்கலாம். 2014 முதல், விடுப்பின் முதல் 180 நாட்களுக்குச் சம்பளத்தில் 67 சதவீதமும், அதற்குப் பிறகு 50 சதவீதமும் வேலைவாய்ப்புக் காப்பீட்டில் இருந்து கிடைக்கிறது.

ஒரு தாயின் கோபம்

ஆனால் விடுப்பு முடிந்ததும் குழந்தையை எங்கே விடுவது? நகரங்களில் அரசு அங்கீகாரம் பெற்ற காப்பகங்களில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது.

2016 பிப்ரவரியில் பெயர் சொல்லாத ஒரு தாய் இணையத்தில் ஒரு பதிவு போட்டார். குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. எல்லாரும் பங்களிக்கும் சமுதாயம் என்று பேசும் அரசு, தன்னை வேலையை விட வைக்கிறதே என்று கொதித்து, நாட்டையே சபித்திருந்தார். அந்தப் பதிவு நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியால் எழுப்பப்பட்டது. எழுதியவர் யார் என்றே தெரியாதே, எப்படி உறுதி செய்வது என்ற தொனியில் பிரதமர் தரப்பில் பதில் வந்தது.

அவ்வளவுதான். இடம் கிடைக்காதது எனக்குத்தான் என்று எழுதிய அட்டைகளுடன் பெற்றோர் நாடாளுமன்றத்தின் முன் கூடினார்கள். 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு அரசிடம் போனது.

2017-ல் காப்பக இடத்துக்காகக் காத்திருந்த குழந்தைகள் 26,081 பேர். புதிய காப்பகங்கள் வேகமாகக் கட்டப்பட்டன. 2019 அக்டோபர் முதல் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி, காப்பகக் கட்டணம் ரத்து செய்யப்பட்டது. 2023-ல் காத்திருந்தவர்கள் 2,680 பேர்தான். பிறப்பு எண்ணிக்கை குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதையும் மறக்கக் கூடாது.

முந்திய தருணம்

25 முதல் 54 வயதுப் பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும்.

- 2000: ஜப்பான் 66.5 சதவீதம், அமெரிக்கா 76.7 சதவீதம்
- 2016: ஜப்பான் 76.3 சதவீதம், அமெரிக்கா 74.3 சதவீதம்

16 ஆண்டுகளில் 10 புள்ளி பின்தங்கியிருந்த நாடு 2 புள்ளி முன்னால் போய்விட்டது. இப்போது ஜப்பான் 80 சதவீதத்தைக் கடந்துவிட்டது. அமெரிக்கப் பெண்களும் சும்மா இல்லை. கொரோனாவுக்குப் பிறகு இந்த வயதில் அவர்களின் பங்கேற்பு 2023-ல் தங்கள் பழைய உச்சத்தையே தாண்டியது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி இதற்கு உதவியது. ஆனாலும் ஜப்பானை எட்டவில்லை.

கொரோனா காலத்தில் என்ன நடந்தது?

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மொத்தப் பங்கேற்பு 60 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. 1970களின் தொடக்கத்துக்குப் பிறகு காணாத அளவு அது. ஜப்பானில் 2019-ல் 62.1 சதவீதமாக இருந்தது, 2020-ல் 62.0 சதவீதம். கிட்டத்தட்ட அசையவே இல்லை.

ஆட்களை வெளியே அனுப்பாமல் வைத்திருந்தால் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு தரும் என்பது ஜப்பானின் வழி. அமெரிக்கா பெரும்பாலும் வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. ஒரே நோய், இரண்டு அணுகுமுறை, இரண்டு விதமான வரைபடம்.

தாத்தா பாட்டிகளும் வேலைக்கு வருகிறார்கள்

ஜப்பானின் எண்ணை உயர்த்தியது பெண்கள் மட்டும் அல்ல. ஊழியர்கள் விரும்பினால் 65 வயது வரை வேலை தர வேண்டும் என்று நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. 70 வயது வரை வாய்ப்பு தர முயற்சி எடுக்க வேண்டும் என்று 2021-ல் சேர்க்கப்பட்டது.

2012-ல் 65 முதல் 69 வயதுள்ளவர்களில் 37 சதவீதம் பேர் வேலை பார்த்தார்கள். 2023-ல் அது 52 சதவீதம். 65-ஐத் தாண்டிய எல்லாரையும் சேர்த்தால் ஜப்பானில் நாலில் ஒருவர் வேலை பார்க்கிறார். அமெரிக்காவில் ஐந்தில் ஒருவரை ஒட்டி.

உடலில் தெம்பு இருப்பதால் விரும்பி வருபவர்களும் உண்டு. ஓய்வூதியம் போதாமல் வருபவர்களும் உண்டு. விகிதத்தில் இருவரும் ஒன்றுதான். எண்ணைப் பார்த்து அவர்களைப் பிரிக்க முடியாது.

அப்போ ஜப்பான் ஜெயிச்சிடுச்சா?

அவசரப்பட வேண்டாம். வாசலைத் தாண்டி எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைத்தான் பங்கேற்பு விகிதம் சொல்லும். உள்ளே வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லாது.

- நிரந்தரம் இல்லாத வேலை: ஜப்பானில் வேலை பார்க்கும் பெண் ஊழியர்களில் பாதிக்கும் மேல் பகுதிநேரம், ஒப்பந்தம் போன்ற நிரந்தரமற்ற வேலையில் இருக்கிறார்கள். ஆண்களில் இது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.
- வருமானச் சுவர்: கணவரின் காப்பீட்டில் இருக்கும் மனைவியின் ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னைத் தொட்டால், அவரே தனியாகக் காப்பீட்டுத் தொகை கட்ட வேண்டி வரும். கையில் வரும் பணம் குறையும். அதனால் பலர் ஆண்டுக் கடைசியில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானியர்கள் இதைச் 'சுவர்' என்றே அழைக்கிறார்கள்.
- சம்பளம்: முழுநேர வேலையில் ஆண் 100 யென் வாங்கும் இடத்தில் ஜப்பானியப் பெண் 80 யென் கூட வாங்குவதில்லை. அமெரிக்காவில் ஆணின் 100 டாலருக்குப் பெண் வாங்குவது சுமார் 83 டாலர்.
- பதவி: ஜப்பானில் நிர்வாகப் பதவிகளில் இருப்பவர்களில் பெண்கள் சுமார் 15 சதவீதம்தான். அமெரிக்காவில் 40 சதவீதத்துக்கும் மேல். 2020-க்குள் 30 சதவீதம் எட்டுவோம் என்று ஜப்பான் அரசு வைத்த இலக்கு நிறைவேறவில்லை.

உலகப் பொருளாதார மன்றத்தின் 2024ஆம் ஆண்டுப் பாலின இடைவெளிப் பட்டியலில் 146 நாடுகளில் ஜப்பானுக்கு 118ஆம் இடம். அமெரிக்காவுக்கு 43ஆம் இடம். பங்கேற்பில் முந்திய நாடு, சமத்துவத்தில் வெகு தூரம் பின்னால் இருக்கிறது.

வீட்டு வேலை யார் தலையில்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி வெளியிட்ட கணக்கின்படி, ஜப்பானிய ஆண் ஒரு நாளில் சம்பளமில்லா வீட்டு வேலைக்குச் செலவிடுவது 41 நிமிடம். பெண் 224 நிமிடம். அமெரிக்க ஆண்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் செலவிடுகிறார்கள்.

அதாவது ஜப்பானியப் பெண் வெளி வேலைக்கு வந்தாலும் வீட்டு வேலையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நிரந்தர வேலை வேண்டும் என்றால் கூடுதல் நேரம் இருக்க வேண்டும், ஊர் மாற்றினால் போக வேண்டும். வீட்டில் குழந்தையும், வயதான பெற்றோரும் இருக்கும்போது அது எப்படி முடியும்? பகுதிநேர வேலை அவர்களுடைய 'விருப்பம்' என்று சொல்வது எவ்வளவு சரி என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

மாற்றம் மெதுவாக வருகிறது. குழந்தை பிறந்ததும் விடுப்பு எடுத்த ஜப்பானிய அப்பாக்கள் 2012-ல் 100-க்கு 2 பேர் கூட இல்லை. 2022-ல் 17 பேர். 2023-ல் 30 பேர். ஆனால் அம்மாக்கள் மாதக்கணக்கில் எடுக்கும் இடத்தில், அப்பாக்களில் பலர் எடுப்பது சில வாரங்கள் மட்டுமே.

இனி இப்படி ஓர் ஒப்பீட்டைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும்?

'அந்த நாட்டில் இத்தனை சதவீதம், இந்த நாட்டில் இத்தனை சதவீதம்' என்று ஒரு படம் உங்கள் ஃபோனில் வந்தால், பகிரும் முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. எந்த வயதினரின் கணக்கு? மொத்தமா, 25 முதல் 54 வரையா? முதியவர்கள் அதிகம் உள்ள நாட்டை மொத்தக் கணக்கில் மட்டும் ஒப்பிடுவது சரியாகாது.
2. ஆண், பெண் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்களா? அமெரிக்காவில் ஆண்கள் வெளியேறியதும், ஜப்பானில் பெண்கள் உள்ளே வந்ததும் மொத்த எண்ணில் தெரியவே தெரியாது.
3. எந்த ஆண்டில் இருந்து ஆரம்பிக்கிறார்கள்? 1960-ல் ஆரம்பித்தால் ஜப்பான் இறங்கியது போல இருக்கும். 2012-ல் ஆரம்பித்தால் ஏறியது போல இருக்கும். இரண்டும் உண்மைதான்.
4. என்ன மாதிரி வேலை? வாரத்தில் சில மணி நேரம் கடையில் நிற்பவரும், முழுநேர மேலாளரும் இந்தக் கணக்கில் சமம்.

கடைசியாக...

அமெரிக்கப் பெண்களுக்கு உழைக்கும் ஆர்வம் குறைந்துவிட்டது என்றோ, ஜப்பானியப் பெண்களுக்குத் திடீரென்று ஆர்வம் வந்துவிட்டது என்றோ இந்த எண்களுக்கு அர்த்தம் இல்லை. ஒரு நாடு காப்பகம் கட்டியது, விடுப்பில் பணம் கொடுத்தது. இன்னொரு நாடு அந்தச் செலவைக் குடும்பத்திடமே விட்டுவிட்டது. விகிதம் அதற்கேற்ப நகர்ந்தது.

அதே நேரம், காப்பகம் கட்டிய நாடு சம்பளத்தையும் பதவியையும் வீட்டு வேலையையும் சமமாகப் பிரிக்கவில்லை. அதனால் வேலைக்கு வந்த பெண்களில் பாதிக்கும் மேல் நிரந்தரமில்லாத வேலையிலேயே நிற்கிறார்கள். 2016-ல் கோபமாக எழுதிய அந்தத் தாய் கேட்டது காப்பகத்தில் ஓர் இடம். இன்று அந்த இடம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. குழந்தையை விட்டுவிட்டு அவர் போகும் வேலை எப்படிப்பட்டது என்பதுதான் ஜப்பான் இன்னும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.